தட்சிணசித்ரா: பாட்டியோடு போனால் கைடு தேவையில்லை

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தை இரண்டாவது முயற்சியில்தான் பார்த்தோம். முதல் தடவை செவ்வாய்க்கிழமை போய், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு, கோவளத்தில் கால் நனைத்துத் திரும்பினோம். செவ்வாய் அவர்களுக்கு விடுமுறை. தெரிந்துகொள்ளாமல் கிளம்பியது எங்கள் தப்பு.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1996-இல் திறந்த இடம் இது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று 18 பழங்கால வீடுகள் நிற்கின்றன. சினிமா செட் போல இருக்குமோ என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. இடிக்க இருந்த பல வீடுகளை வாங்கி, தூண், கதவு, உத்திரம் என்று பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள்.

என் மாமியார் அம்பாசமுத்திரத்துக்காரர். முட்டி வலி, வரமாட்டேன் என்றவரைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனோம். திருநெல்வேலிப் பக்கத்து அக்ரகார வீட்டுக்குள் நுழைந்ததும் என் ஆறு வயது மகள், "ஒரே இருட்டா இருக்கு பாட்டி" என்றாள். "கொஞ்சம் நில்லு, கண்ணு பழகிடும். இதுதான் ரேழி. வெயில்ல வந்தவங்க இங்க நின்னுட்டுத்தான் உள்ள போவாங்க." நான் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்த பலகையில் இதெல்லாம் இல்லை. அப்புறம் முற்றத்து மழைத்தண்ணியை அண்டாவில் பிடித்த கதை, திண்ணையில் தூங்கிய வழிப்போக்கர் கதை. முட்டி வலியைப் பற்றிப் பேச்சே காணோம்.

நெசவாளர் வீட்டில் பெரியவன் குழித்தறியை விட்டு நகரவில்லை. தறிக்கு அடியில் எதற்குப் பள்ளம் என்று அவனுக்குப் பெரிய சந்தேகம். உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதித்தால்தான் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் மேலும் கீழும் பிரியும், நடுவே குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஓடும் என்று தெரிந்ததும்தான் கிளம்பினான்.

சின்னவளுக்கு மண்பானைதான். இதற்குத் தனிக் கட்டணம், ஆனால் கொடுக்கலாம். சக்கரம் சுற்ற, கட்டை விரலை நடுவில் அழுத்தியதும் களிமண் வாயைத் திறந்தது. அடுத்த நொடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குயவர் ஒன்றும் சொல்லாமல் இவள் கைமேல் தன் கையை வைத்தார், மண் நிமிர்ந்துகொண்டது. கடைசியில் ஒரு நூலை அடியில் இழுத்து, அகல்விளக்கு அளவுக்கு ஒரு சட்டியை அறுத்துக் கொடுத்தார்.

வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு வெளியில்தான் நடக்க வேண்டும். தொப்பி, தண்ணீர் அவசியம். அரை நாளாவது ஒதுக்குங்கள். நாங்கள் ஆந்திர வீடுகளை ஓட்டமாகத்தான் பார்த்தோம். காலி டிபன் பாக்ஸ் ஒன்றும் கையில் இருக்கட்டும். சுடாத மண், பையில் போட்டால் நசுங்கிவிடும்.

எங்கள் சட்டி தயிர்சாத டப்பாவில் பத்திரமாக வந்து சேர்ந்தது. மறுநாள் அதில் தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிட்டாள்.