பேடிங்டன் 2: ஹியூ கிராண்டுக்காகப் பார்த்த கரடிப் படம்

பிரிட்டிஷ் நடிகர் ஹியூ கிராண்ட் நடித்திருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காகத்தான், 2017இல் வெளிவந்த ‘பேடிங்டன் 2’ படத்தைப் பார்க்கப் போனேன். அது நீலக் கோட்டும் சிவப்புத் தொப்பியும் அணிந்த குட்டிக் கரடியின் கதை என்பதும், 2014இல் வந்த முதல் பாகத்தில் அவர் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். கூட அழைத்துப் போகச் சிறு பிள்ளைகள் யாரும் இல்லை. ஆனால் அரங்கில் என்னைச் சுற்றி இருந்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். ஒரே காட்சிக்கு அவர்கள் ஒரு காரணத்தால் சிரிக்க, நான் வேறொரு காரணத்தால் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கதை எளியது. பெரு நாட்டிலிருந்து லண்டனுக்கு வந்து பிரவுன் குடும்பத்தோடு வாழும் பேடிங்டன், தன்னை வளர்த்த லூசி அத்தையின் நூறாவது பிறந்த நாளுக்குப் பரிசு தேடுகிறான். பக்கத்தைப் புரட்டினால் லண்டன் நகரமே காகிதத்தில் எழுந்து நிற்கும் பழைய புத்தகம் ஒன்றை க்ரூபர் என்பவரின் பழம்பொருள் கடையில் கண்டு, அதை வாங்குவதற்காக ஜன்னல் துடைக்கும் வேலைக்குப் போய்க் காசு சேர்க்கிறான். அந்தப் புத்தகத்தில் புதையலுக்கான குறிப்புகள் ஒளிந்திருப்பதை அறிந்த ஃபீனிக்ஸ் புக்கானன் என்ற நடிகர் அதைத் திருடிவிட, பழி கரடியின் மேல் விழுகிறது. அவன் சிறைக்குப் போகிறான். அந்த ஃபீனிக்ஸ்தான் ஹியூ கிராண்ட்.

ஒரு காலத்தில் மேடையில் பெயரும் புகழும் பெற்று, இப்போது நாய் வேடமிட்டு நாய்த் தீனி விளம்பரத்தில் நடிக்கும் நிலைக்கு வந்துவிட்டவர் ஃபீனிக்ஸ். அவருடைய வீட்டுச் சுவர்களில் அவருடைய இளமைக்காலப் படங்களே நிறைந்திருக்கின்றன. பிள்ளைகளுக்கு அது ஒரு தற்பெருமைக்காரரின் வீடு, அவ்வளவுதான். எனக்கோ அந்தப் படங்கள் பழகிய முகத்தின் படங்கள், ஏனெனில் அவை ஹியூ கிராண்டின் உண்மையான பழைய படங்களே. 1994இல் ‘ஃபோர் வெடிங்ஸ் அண்ட் எ ஃப்யூனரல்’, 1999இல் ‘நாட்டிங் ஹில்’ என்ற திரைப்படங்களில், நெற்றியில் புரளும் முடியும், சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்காமல் திணறும் பேச்சுமாக ரசிகர்கள் மனத்தில் வைத்திருக்கும் அந்த இளைஞன் படச் சட்டத்துக்குள் இருக்க, அதே மனிதர் கண்ணோரச் சுருக்கங்களோடு அவற்றின் முன்னால் நிற்கிறார். தன் வயதையும் தன் பழைய அழகையும் இப்படித் தயங்காமல் ஒரு வேடத்துக்கு எடுத்துக் கொடுக்க எத்தனை நடிகர்கள் முன்வருவார்கள்?

படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது மேல்மாடத்து ரகசிய அறைக் காட்சி. முன்பு தான் ஏற்ற வேடங்களின் உடைகளையெல்லாம் பொம்மைகளுக்கு அணிவித்து அங்கே வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார் ஃபீனிக்ஸ். ஷேக்ஸ்பியர் நாடகங்களின் ஹாம்லெட்டிடம் பேசுகிறார், மெக்பெத்திடம் பேசுகிறார். அவர்கள் சொல்லும் பதிலையும் அவரவர் குரலில் அவரே சொல்லிக்கொள்கிறார். குரல் மாறும்போதெல்லாம் அரங்கில் பிள்ளைகள் கலகலவென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் கொஞ்சம் தொண்டை அடைத்தது. மற்றவர்களோடு சேர்ந்து நடிக்க மறுத்து மறுத்தே வாய்ப்பிழந்த மனிதர் அவர். புதையல் வேண்டும் என்று அலைவதும், தான் ஒருவரே மேடையை நிறைக்கும் ஒரு நிகழ்ச்சியை நடத்தப் பணம் தேவை என்பதற்காகத்தான். கன்னியாஸ்திரீ உட்பட ஒவ்வொரு வேடமாக மாற்றிக்கொண்டு அவர் நகரெங்கும் குறிப்புகளைத் தேடுவதில் திருடனின் பதற்றத்தை விட, மறுபடியும் வேடம் கட்டக் கிடைத்ததே என்ற ஆனந்தம்தான் தெரிகிறது. அந்த ஆனந்தத்தைத் துளியும் கேலி செய்யாமல் நடித்திருப்பதுதான் ஹியூ கிராண்டின் சாமர்த்தியம். இந்த வேடத்துக்காக பிரிட்டிஷ் திரைப்பட விருதான பாஃப்டாவின் துணை நடிகர் பிரிவில் அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது மிகப் பொருத்தமே.

அவரை மட்டும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: படத்தின் பெரும்பகுதி கரடிக்கு உரியது. சிறைக் காட்சிகள் தொடங்கியதும், அவர் எப்போது திரும்ப வருவார் என்று நானும் பொறுமையிழந்துதான் காத்திருந்தேன். ஆனால் துணிகளோடு சேர்ந்துவிட்ட ஒரு சிவப்புக் காலுறையால் கைதிகளின் சீருடை முழுவதும் இளஞ்சிவப்பாக மாறிவிடுவதும், எல்லோரும் அஞ்சும் சமையற்காரர் நக்கிள்ஸ், அதாவது பிரெண்டன் க்ளீசன், ஒரு வாய் மார்மலேடில், அதாவது ஆரஞ்சுப் பழ ஜாமில், இளகிப்போவதும் வரும்போது காத்திருப்பதை மறந்துவிட்டேன். லூசி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பேடிங்டன் காகித லண்டனுக்குள் நடந்துபோவதாகக் கற்பனை செய்யும் காட்சி, இயக்குநர் பால் கிங்கின் மேல் எனக்குப் பெரும் மரியாதையை ஏற்படுத்தியது. கரடிக்குக் குரல் கொடுத்த பென் விஷா, எந்த இடத்திலும் குழந்தைபோல் கொஞ்சிப் பேசாமல் மென்மையாகவும் மரியாதையாகவும் பேசியிருக்கிறார். இறுதியில் வரும் ரயில் துரத்தல் மட்டும் சற்று நீண்டுவிட்டது என்று தோன்றியது.

முடிந்தால் மூலக் குரலிலேயே பாருங்கள். ஃபீனிக்ஸின் வேடிக்கையில் பாதி அவர் குரலை மாற்றும் விதத்தில் இருக்கிறது; மொழிமாற்றத்தில் பார்த்தால் முகம் மட்டுமே மிஞ்சும்.

பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழுந்துவிட வேண்டாம். பிடிபட்டுச் சிறைக்குப் போன ஃபீனிக்ஸ், இளஞ்சிவப்பு உடையில், குடைகளோடு, சக கைதிகள் சூழ ஒரு முழுநீள ஆட்டம் ஆடுகிறார். தனியாகத்தான் மேடையேறுவேன் என்று அடம்பிடித்தவர், வரிசையில் மற்றவர்களோடு கால் மாற்றிக் கால் வைத்து ஆடும்போது அந்த முகத்தில் தெரியும் மகிழ்ச்சியைப் பார்ப்பதற்காகவே இரண்டாம் முறையும் போனேன்.