கால்வாய்க் கரையா, பழைய ரயில் தடமா?

தெற்குப் பிரான்சின் நாட்டுப்புறத்தில், மோட்டார் வாகனங்களின் இரைச்சலின்றிச் சரளைப் பாதையில் மிதிவண்டி ஓட்ட விரும்புவோர், துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரம் வரை ஏறத்தாழ 240 கி.மீ. நீளும் மிடி கால்வாயின் கரையையே முதலில் எண்ணுகின்றனர். பியேர் போல் ரிக்கே 1666-இல் வெட்டத் தொடங்கி 1681-இல் திறக்கப்பட்ட அக்கால்வாய் 1996 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக உள்ளது. அதன் மதகுகளையும் கார்க்கசோன் கோட்டையையும் வழியிலேயே காணலாம். ஆயினும், துலூசை அடுத்த ஐம்பது கி.மீ. தார்ப்பாதை முடிந்தபின், தடம் பல இடங்களில் குறுகி, மரவேர்கள் புடைத்து, மழைக்குச் சேறாகிவிடுகிறது. 2006-இல் கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால் கரையோரம் நிழல் தந்த ஆயிரக்கணக்கான 'பிளேன்' வகை மரங்கள் வெட்டப்பட்டதால், புகழ்பெற்ற அந்த நிழலும் இன்று தொடர்ச்சியாக இல்லை. இதை எழுதவே வருத்தமாக இருக்கிறது.

மாறாக, அதே தெற்குப் பிரான்சில் மசாமே, பெதாரியு ஆகிய ஊர்களுக்கு இடையே, கைவிடப்பட்ட ரயில் தடத்தின்மேல் அமைந்த 'பாசா பயிஸ்' என்னும் மிதிவண்டிப் பாதை சுமார் 80 கி.மீ. மட்டுமே. ரயிலுக்காகச் சமன்செய்யப்பட்ட தடம் என்பதால், ஓ-லாங்கதோக் மலைப்பகுதியிலும் ஏற்றங்கள் மென்மையாகவே இருக்கின்றன. இறுகிய சரளை, பாலங்கள், விளக்குத் தேவைப்படும் சுரங்கங்கள் என வழி மாறிக்கொண்டே செல்கிறது. வரலாற்றை நாடுவோருக்குக் கால்வாய் ஏற்றது. சரளையில் தடையின்றி ஓட்டுவதே நோக்கமெனில், தயக்கமின்றி பாசா பயிஸையே பரிந்துரைப்பேன்.