நீராவி குன்னூர் வரைதான்: நீலகிரி மலை ரயிலில் ஒரு பகல்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்களில் பலர் ஊட்டியில் தங்கி, அங்கிருந்து குன்னூர் வரை மலை ரயிலில் போய்வந்து, நீராவி ரயிலைப் பார்த்தாயிற்று என்று கிளம்பிவிடுகிறார்கள். அந்தத் துண்டில் ஓடுவது பெரும்பாலும் டீசல் இன்ஜின். நீராவியும் பல்சக்கரமும் மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவில்தான். பிள்ளைகளுக்கு அதைக் காட்ட வேண்டுமென்றால் காலை 7.10 வண்டியை மேட்டுப்பாளையத்தில் பிடிக்க வேண்டும்.

பெரிய சிக்கல் டிக்கெட். பயண நாளுக்கு 60 நாள் முன்பு, காலை 8 மணிக்கு ஐஆர்சிடிசியில் முன்பதிவு திறக்கும். திறக்கும் நேரத்தில் ஆதார் இணைத்த கணக்குகளுக்கே வழி என்பதால் வெளிநாட்டு எண்ணில் பதிந்த கணக்கு பின்தங்கிவிடும். ஆதார் இணைத்த கணக்கு வைத்திருக்கும் ஊர்ச் சொந்தக்காரர் யாரையாவது போடச் சொல்லுங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கட்டும். காத்திருப்புப் பட்டியலிலேயே நின்ற இ-டிக்கெட், சார்ட் (இறுதிப் பயணிகள் பட்டியல்) போட்டதும் தானாக ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏற முடியாது. முதல் வகுப்பு கிடைத்தால் விடாதீர்கள். ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது, முதல் வகுப்புப் பெட்டி முன்னால் போகிறது. எதிரே மறைக்க எதுவும் இல்லை.

சென்னையிலிருந்து வருவோருக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ்தான் இணைப்பு வண்டி. காலை ஆறேகால் வாக்கில் மேட்டுப்பாளையம் சேர்கிறது. பெரிய சூட்கேஸ்களைக் கோவையில் உறவினர் வீட்டில் விட்டுவிடுங்கள். பெட்டிகள் சிறியவை, சாமான் வைக்க இடமில்லை. கழிப்பறையும் கிடையாது. ஏறுமுன் பிளாட்பாரத்திலேயே முடித்துக்கொள்ள வேண்டும். வயதானவர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம், அதாவது பற்கள் கொண்ட இரும்புச் சட்டம், தொடங்குகிறது. அருகருகே இரண்டு சட்டங்கள்; ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம். அதனால் ஏதாவது ஒரு பல் எப்போதும் இன்ஜினின் சக்கரத்தைப் பற்றியே இருக்கும். ஏற்றம் 12க்கு 1 வரை, அதாவது 12 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும் அளவுக்கு, போகிறது; வெறும் சக்கரம் வழுக்கிவிடும். இன்ஜினுக்கு நான்கு சிலிண்டர். சாதாரண சக்கரங்களை ஓட்டிவிட்டு வெளியேறும் நீராவியை வீணாக்காமல், பல்சக்கரத்தைச் சுற்றும் சிலிண்டர்களுக்கு அனுப்புகிறார்கள். பல்சட்டத்தில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான். ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் கொடியுடன் பிரேக் ஊழியர் நிற்பதைப் பாருங்கள். அவர் கையும் கண்ணும் இல்லாமல் இந்த வண்டி நகராது. பழைய இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை. பிற்காலத்தில் திருச்சி பொன்மலைப் பணிமனையே புதிதாகச் செய்து கொடுத்தது. மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை 1899இல் திறந்தது, ஊட்டி வரை நீண்டது 1908இல். யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது 2005இல்.

வழியில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்துவார்கள். ஹில்குரோவில் இறங்கி டீ குடிக்கலாம். குரங்குகள் அதிகம், கையில் தின்பண்டம் தெரியக் கூடாது. நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோங்கள்.

46 கிலோமீட்டர் ஏற ஏறத்தாழ ஐந்து மணி நேரம். ஊட்டி சேரப் பகல் 12 ஆகும். திரும்பும் வண்டி 2 மணிக்கு. நடுவில் சாப்பிடத்தான் நேரம் இருக்கும். ஒரே நாளில் முடிக்க வேண்டியவர்கள் குன்னூரிலேயே இறங்கி, சிம்ஸ் பூங்காவைப் பார்த்துவிட்டுப் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் திரும்புவது மேல் என்பது என் கருத்து. நீராவிப் பகுதி முழுதும் அதற்குள் முடிந்துவிடுகிறது, குழந்தைகளும் களைத்துப்போக மாட்டார்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கல்லாறு–குன்னூர் பாதையில் மண் சரியும், பாறை உருளும், மரம் விழும். சேவையைச் சில நேரம் பல நாள் தொடர்ந்து நிறுத்துவார்கள். வண்டி ரத்தானால் இ-டிக்கெட் பணம் கணக்குக்குத் திரும்பிவிடும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் வருகிறவர்கள் முந்தின நாளே நிலவரம் பார்த்து, பஸ்ஸில் குன்னூர் ஏறி அங்கிருந்து ஊட்டி வண்டியைப் பிடிக்கும் மாற்று ஏற்பாட்டையும் யோசித்து வையுங்கள். அந்தப் பக்கம் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும், டீசலில்.