அறிமுக விழா மேடைக்கு எந்த நேரடி இசை பொருந்தும்? ஓர் ஒப்பீட்டு அலசல்

புதிய பொருள் ஒன்றின் அறிமுக விழாவுக்கு நேரடி இசை வேண்டும் என்று முடிவானதும், எந்தக் குழு நன்றாக வாசிக்கும் என்ற கேள்விதான் பெரும்பாலும் முதலில் எழுகிறது. கச்சேரிக்கு அது சரியான கேள்வி. அறிமுக விழாவுக்கு வருபவர்களோ பொருளைப் பார்க்கவும் அதை உருவாக்கியவர்களிடம் பேசவும் வருகிறார்கள். அவர்கள் மண்டபத்தில் இருக்கும் இரண்டு மூன்று மணி நேரத்தில் மேடைப் பேச்சுக்கும் செயல்விளக்கத்துக்கும் போவது அரை மணியோ முக்கால் மணியோதான். மீதி நேரத்தின் பெரும்பகுதி இசையின் பொறுப்பில் இருக்கிறது. ஆகவே, பேச்சுக்கு எவ்வளவு இடம் விடுகிறது, மேடையின் நிலையறிந்து தொடங்கவும் நீளவும் நிற்கவும் அதனால் முடிகிறதா, மேடையையும் ஒலியமைப்பையும் எவ்வளவு அடைத்துக்கொள்கிறது என்ற மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு ஐந்து வகை ஏற்பாடுகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

வகைகளுக்குள் போகுமுன் சத்தத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பல விழாக்கள் கெடுவது அங்கேதான். ஒரு மீட்டர் இடைவெளியில் இருவர் இயல்பாகப் பேசும்போது அது ஏறத்தாழ 60 டெசிபல் இருக்கும். சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர்கள் தம்மையறியாமலே குரலை உயர்த்துவார்கள். பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911-இல் விவரித்த இந்த இயல்பு இன்றும் அவர் பெயராலேயே லொம்பார் விளைவு என்று வழங்குகிறது. நூறு பேர் கூடிய அறையில் இசை சற்று ஓங்கினால் விருந்தினர்களின் குரல் உயரும். அந்த இரைச்சலில் தங்கள் வாசிப்பு தங்களுக்கே கேட்கவில்லை என்று கலைஞர்கள் ஒலியைக் கூட்டுவார்கள். விருந்தினர்கள் இன்னும் உரக்கப் பேசுவார்கள். பொருள் திறந்து காட்டப்பட்ட பிறகு விற்பனைப் பிரிவினரும் செய்தியாளர்களும் நேருக்கு நேர் நின்று பேசும் அந்த நாற்பது நிமிடங்கள்தாம் விழாவின் உண்மையான பயன் விளையும் நேரம். அந்த நேரத்தில் ஒருவர் காதருகே இன்னொருவர் கத்த வேண்டியிருந்தால், எவ்வளவு நல்ல இசையும் விழாவுக்கு எதிராகவே வேலை செய்கிறது.

இந்தச் சிக்கலின் ஒரு பாதி ஒலிபெருக்கிகளை வைக்கும் முறையிலேயே தீரும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும் என்பதால், மேடையோரத்தில் இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளை மட்டும் நிறுத்தினால் கடைசி வரிசைக்குக் கேட்கச் செய்வதற்காக முதல் வரிசையின் காதைத் துளைக்க நேரும். இடம் முழுவதும் சிறிய ஒலிபெருக்கிகளைப் பரப்பி ஒவ்வொன்றையும் தாழ்ந்த அளவில் வைப்பது நல்லது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர்தான் செல்கிறது. ஆகவே பின்னால் உள்ள ஒலிபெருக்கிகளுக்கு மேடையிலிருந்து உள்ள தூரத்தில் மீட்டருக்குச் சுமார் 3 மில்லிநொடி வீதம் தாமதம் கொடுக்கும்படி ஒலிப்பொறியாளரிடம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சொற்கள் இரட்டித்துக் கேட்கும். மறுபாதி, எந்த வகை இசையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

முதல் வகை, இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ கொண்ட நால்வர் தந்திக் குழு. கைப்பிடியில்லாத நான்கு நாற்காலிகளும், இசைத்தாள் தாங்கிகளும், அவற்றுக்குச் சிறு விளக்குகளும் போதும். சிறிய அறையில் மின்சாரமே தேவையில்லை. சொற்கள் இல்லாத இசை என்பதால் உரையாடலோடு அது மோதுவதில்லை. விருந்தினர்கள் வந்து சேரும் முதல் அரை மணிக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் கேட்டதில்லை. ஆனால் திறந்தவெளியிலோ நூறு பேருக்கு மேல் பேசிக்கொண்டிருக்கும் மண்டபத்திலோ மைக் இல்லாமல் இதன் ஒலி கரைந்துபோகும். மரக் கருவிகள் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் உடனே இளகிக்கொடுப்பவை. நான் ஒருங்கிணைத்த ஒரு விழாவில் குளிர்காற்று வரும் துவாரத்துக்கு நேர் கீழே குழுவை அமர்த்திவிட்டேன், இரண்டு உருப்படிகளுக்கு ஒருமுறை அவர்கள் சுருதி சேர்க்க வேண்டியிருந்தது. மேடை விளக்கின் சூட்டுக்கும் நேர் வெயிலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். திரை விலகும் கணத்துக்குத் தேவையான அதிர்வை நால்வர் குழுவிடம் எதிர்பார்க்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வகை, மூன்று பேர் கொண்ட சிறு வாத்தியக் குழு: ஒரு கிட்டார் அல்லது கீபோர்டு, புல்லாங்குழலோ வயலினோ ஒன்று, கையால் வாசிக்கும் தாளக் கருவி ஒன்று. பெரும்பாலான அறிமுக விழாக்களுக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். காரணம் இசையின் இனிமை மட்டுமன்று. இவர்கள் தாளைப் பார்த்து வாசிப்பதைவிட ஒருவரையொருவர் பார்த்து வாசிப்பவர்கள். மேடையில் நடப்பதைப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்றை நீட்டவும், பாதியில் அழகாக முடிக்கவும் பழகியவர்கள். நிறுவனத் தலைவர் பத்து நிமிடம் தாமதமாக வந்தாலும், செயல்விளக்கக் கருவி முதல் முயற்சியில் இயங்க மறுத்தாலும், தொகுப்பாளர் கண்ணசைத்தால் போதும், அந்த இடைவெளி இடைவெளியாகவே தெரியாமல் நிரம்பிவிடும். முன்பே பதிவு செய்த இசையோ எண்ணி எழுதிவைத்த உருப்படியோ இப்படிக் காத்திருக்காது. எதிர்பாராத தாமதம் ஒன்றேனும் இல்லாத அறிமுக விழாவை நான் பார்த்ததில்லை என்பதால், காத்திருக்கத் தெரிந்த இசைக்கே முதலிடம் தருகிறேன்.

ஒலியமைப்பிலும் இக்குழுவின் சுமை குறைவு. கீபோர்டையும் கிட்டாரையும் நேரடியாக மிக்சரில் இணைத்துவிடலாம். மற்ற இருவருக்கும் ஆளுக்கொரு மைக் போதும். முழு டிரம்ஸுக்குப் பதிலாகப் பெட்டி வடிவக் கஹோன் போன்ற தாளக் கருவி இருந்தால், ஒலியளவு முழுவதும் ஒலிப்பொறியாளரின் கைக்குள் வந்துவிடும். திரை விலகும் நொடியில் கீபோர்டிலிருந்து ஒரு பெருமுழக்கத்தை எழுப்பவும் முடியும். குறை என்னவென்றால், ஐந்நூறு பேர் நிறைந்த அரங்கில் மூன்று பேர் மேடையில் சிறுத்துத் தெரிவார்கள். ஆடவைக்கும் கொண்டாட்டத்தை இவர்களிடம் கேட்பதும் நியாயமாகாது. கருவித் தேர்விலும் கவனம் தேவை. வீணை போன்ற மெல்லொலிக் கருவி, அமர்ந்து கேட்கும் அவையில் எவ்வளவு நெருக்கமாக ஒலித்தாலும், நின்று பேசும் கூட்டத்தில் காணாமல் போய்விடும்.

மூன்றாவது வகை, பாடகர், டிரம்ஸ், பேஸ் கிட்டார் எல்லாம் கொண்ட முழு இசைக்குழு. கொண்டாட்டம் என்றதும் பலர் மனத்தில் தோன்றுவது இதுதான். சரியான நேரத்தில் வைத்தால் வேறு எதுவும் இதற்கு ஈடாகாது. ஆனால் டிரம்ஸின் ஒலியைக் குறைக்கும் குமிழ் எதுவும் கிடையாது. ஒலிபெருக்கியே இல்லாவிட்டாலும் ஓங்கி அடிக்கும்போது அருகில் அது 100 டெசிபலைத் தொடக்கூடும். அந்த அளவுக்கு மேல் மற்றக் கருவிகளை ஏற்ற வேண்டும், அவற்றுக்கு மேல் பாடகர் குரலை ஏற்ற வேண்டும். இசை நிகழ்விடங்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பாதுகாப்பு நெறி, 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. தாழ்ந்த கூரையுள்ள மண்டபத்தில் இக்குழுவை அமர்த்தினால் அந்த எல்லையை நெருங்குவது மிக எளிது.

இதற்கு இணையான இன்னொரு சிக்கல் பாடலின் சொற்கள். புரியும் மொழியில் ஒருவர் பாடிக்கொண்டிருக்கும்போது, எதிரில் நிற்பவர் பேசும் சொற்களைப் பின்தொடர்வது, அதே ஒலியளவுள்ள வாத்திய இசைக்கு நடுவே பின்தொடர்வதைவிடக் கடினம். கவனம் இரண்டு பேச்சுகளுக்கிடையே அலைபாயும். மேலும் இருபது, இருபத்தைந்து மைக் இணைப்புகள், கலைஞர்கள் தம்மைக் கேட்பதற்கான மானிட்டர்கள், இரண்டு மணி நேரமேனும் பிடிக்கும் சவுண்ட் செக் ஆகியவற்றை, பேச்சாளர்களின் ஒத்திகையும் நடக்கும் அதே மேடையில், அதே பகற்பொழுதில் முடித்தாக வேண்டும். முழு இசைக்குழுவை விரும்புவோர் அதைத் தனி மேடையிலோ திரைக்குப் பின்னாலோ முன்கூட்டியே அமைத்துவிட்டு, அலுவல் பேச்சுகள் ஓய்ந்த கடைசி முக்கால் மணிக்கு மட்டும் ஒதுக்கினால் இந்தக் குறைகளில் பெரும்பாலானவை நீங்கிவிடும்.

நான்காவது வகையான டி.ஜே.வையும், அவரோடு சேர்ந்து சாக்ஸஃபோனோ வயலினோ வாசிக்கும் ஒரு கலைஞரையும், இரண்டாவது வகையோடு நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பதே பொருத்தம், ஏனெனில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு இடத்தையும் ஆட்களையும் கேட்கின்றன. ஒலியளவுக் கட்டுப்பாட்டில் டி.ஜே. ஒரு படி மேல். அறிமுகக் காணொளியின் ஒவ்வொரு காட்சிக்கும் நொடி பிசகாமல் இசை பொருந்த வேண்டுமானால் இவர்தான் சரியான தேர்வு. ஆனால் மேடையில் ஏதேனும் தடுமாறினால் பதிவிசை தன் வழியில் ஓடிக்கொண்டிருக்கும், அனுபவமுள்ள டி.ஜே. அதைச் சமாளிப்பார் என்றாலும், கேட்பவருக்கு அந்த ஒட்டு தெரிந்துவிடும். உடன் வாசிக்கும் கலைஞர் இல்லாவிட்டால், நேரடி இசை என்று சொல்லி அழைத்ததன் பொருளே பாதி போய்விடுகிறது.

உரிமை விஷயத்திலும் இவ்விரண்டும் வேறுபடுகின்றன. திட்டமிடும்போது மிக எளிதாக மறக்கப்படுவது இதுதான். ஒரு பாடலைக் கலைஞர்கள் தாமே வாசித்தால் இயற்றியவருக்குரிய பொது நிகழ்த்துகை உரிமை மட்டுமே குறுக்கே வரும். பதிவை ஒலிக்கவிட்டால் பல நாடுகளில் அந்தப் பதிவுக்குச் சொந்தக்காரரின் உரிமையும் சேர்ந்துகொள்ளும். விழாக் காணொளியை இணையத்தில் ஏற்றுவது மூன்றாவது படி. அரங்கில் வாசிப்பதற்குப் பெற்ற அனுமதி, இசையைக் காட்சியோடு இணைத்து வெளியிடுவதற்குச் செல்லாது. யூடியூப் தானியங்கி முறையில் பாடல்களை அடையாளம் காண்பதால், அறிமுகக் காணொளி முதல் நாளே முடக்கப்படவும் கூடும். திரை விலகும் அந்த ஒரு கணத்துக்காகவாவது இரண்டு நிமிட இசையைப் புதிதாக அமைக்கச் சொல்லி, எழுத்துமூலம் உரிமை பெற்றுக்கொள்வது நல்லது. சிறு வாத்தியக் குழுவில் மெட்டமைக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் ஒருவராவது இருப்பார் என்பது அவ்வகைக்கு இன்னொரு பலம்.

ஐந்தாவது வகை, பெயர்பெற்ற நட்சத்திரக் கலைஞர். கூட்டம் சேர்வதிலும் செய்தி பரவுவதிலும் ஐயமில்லை. ஆனால் செய்தி எதைப் பற்றியதாக இருக்கும் என்பதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். 2014 செப்டம்பர் 9 அன்று ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 6-ஐ அறிமுகப்படுத்திய மேடையில் அயர்லாந்தின் புகழ்பெற்ற ராக் இசைக்குழுவான யூ டூ வாசித்தது. அக்குழுவின் புதிய இசைத்தொகுப்பும் கோடிக்கணக்கான ஐடியூன்ஸ் கணக்குகளுக்கு இலவசமாகச் சேர்க்கப்பட்டது. கேட்காமலே தம் கருவிக்குள் வந்த தொகுப்பை நீக்கும் வழி எங்கே என்று பலர் கேட்கத் தொடங்க, சில நாள்களில் அதற்கென்றே ஒரு வசதியை நிறுவனம் வெளியிட வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இசை தனிக் கதையாகப் பிரிந்து சென்றது என்றால், முதல் பொருளை வெளியிடும் சிறு நிறுவனத்துக்கு அந்தத் துணிச்சல் தேவையில்லை என்பதே என் கருத்து. விருந்தினர்களின் கைபேசிகள் எல்லாம் கலைஞரை நோக்கித் திரும்பியிருக்கையில் பொருள் பக்கத்தில் தனியே நிற்கும்.

கம்பியில்லா இணைப்பில் இயங்கும் பொருளாக இருந்தால் இன்னொரு கேள்வியும் முடிவைத் தீர்மானிக்கலாம். கம்பியில்லா மைக்குகளில் சில வகைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், அதாவது வைஃபையும் புளூடூத்தும் பயன்படுத்தும் அதே அலைவரிசையில் இயங்குகின்றன. காலையில் காலி மண்டபத்தில் கச்சிதமாக நடந்த செயல்விளக்கம், மாலையில் முந்நூறு கைபேசிகளும் இசைக்குழுவின் கருவிகளும் சேர்ந்த பிறகு தடுமாறக்கூடும். கம்பியில்லாக் கருவிகள் அதிகம் கொண்டுவரும் முழு இசைக்குழுவில் இந்த அபாயம் கூடுதல். நால்வர் குழுவில் ஏறத்தாழ இல்லை. எந்த வகையானாலும் மைக்குகளின் அலைவரிசைப் பட்டியலை ஒரு வாரம் முன்னதாகக் கேட்டு வாங்கிச் செயல்விளக்கக் குழுவிடம் கொடுத்துவிட வேண்டும்.

ஐம்பது பேருக்கு உட்பட்ட உள்ளரங்கு என்றால் நால்வர் குழு, ஐம்பதிலிருந்து இருநூறு வரை சிறு வாத்தியக் குழு, அதற்கு மேல் வரவேற்புக்குச் சிறு குழுவும் இறுதிக்கு முழு இசைக்குழுவும், காணொளியையே நம்பியிருக்கும் விழாவுக்கு டி.ஜே.யும் உடன் ஒரு கலைஞரும் என்று நான் பிரித்துக்கொள்வது வழக்கம். ஒப்பந்தத்தில் வாசிப்பு நேரத்தை முக்கால் மணித் தொகுதிகளாகப் பிரித்து, இடைவேளைகளையும், அந்த இடைவேளைகளில் ஒலிக்க வேண்டியதையும் எழுதிக்கொள்ள வேண்டும். குழு இளைப்பாறப் போனதும் மண்டபம் திடீரென்று வெறிச்சிட்டால், புறப்படும் நேரம் வந்துவிட்டதாக விருந்தினர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். தொகுப்பாளருக்குக் கொடுக்கும் நிகழ்ச்சி நிரலின் ஒரு படியைக் குழுத் தலைவர் கையிலும் கொடுத்து, இருவரும் ஒருவரையொருவர் பார்க்கும்படி மேடையில் இடம் ஒதுக்கி, திரை விலகுவதற்கு முன் எத்தனை நொடி மௌனம் என்பதை ஒத்திகையிலேயே அவர்கள் இருவரும் சேர்ந்து முடிவு செய்துகொள்ளும்படி விட்டுவிட வேண்டும்.