பேட்டரி ஒன்றை மாற்றவா, ஐந்தையும் மாற்றவா, லித்தியம் போடவா?

சேலம் ஐந்து ரோடு மேம்பாலத்தில் பாதி ஏற்றத்தில் என் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. செகண்ட் ஹேண்டில் வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால் மீட்டரில் முக்கால் சார்ஜ் காட்டுகிறது, சமதளத்தில் ஒன்றும் நடக்காததுபோல ஓடுகிறது. 250 வாட் மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டர், லைசென்ஸ் கேட்காத ரகம். உள்ளே 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி ஐந்து, வரிசையாக இணைத்து 60 வோல்ட்.

கன்ட்ரோலர், அதாவது மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி, போயிருக்கும் என்றார் விற்றவர். எல்லாரும் முதலில் கைகாட்டுவது அதைத்தான். நான் எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) முனையையும் பேட்டரி கனெக்டரையும் பார்த்தேன்; கருகல் இல்லை. பிரேக் லீவர் சுவிட்ச் ஒட்டிக்கொண்டாலும் மோட்டார் கட் ஆகும். அதுவும் சரியாக இருந்தது.

அப்புறம் மல்டிமீட்டர். சும்மா வைத்துப் பார்த்தால் ஐந்தும் 12.4-க்கு மேல். இதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய கார் ஹெட்லைட் பல்பு ஒன்று, ஹெச்4, வீட்டில் கிடந்தது. இரண்டு இழையையும் சேர்த்து எரியவிட்டால் 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஒவ்வொரு பேட்டரியிலும் ஐந்து நிமிடம் எரியவிட்டேன். நான்கு 12-ஐ ஒட்டி நின்றன. சீட்டுக்கு அடியில் கடைசியாக இருந்தது 10-க்குக் கீழே சரிந்தது, பல்பும் மங்கிப்போனது. கணக்கு எளிது: ஏற்றத்தில் நான்கும் 11.5-க்கு இறங்கினால் 46 வோல்ட். ஐந்தாவது 6 கொடுத்தால் மொத்தம் 52. பொதுவாக 60 வோல்ட் கன்ட்ரோலர், மொத்தம் 52.5-க்கு இறங்கினாலே மோட்டாரைக் கட் செய்துவிடும். அது தன் வேலையைத்தான் செய்திருக்கிறது.

இனி என்ன செய்வது? அந்த ஒன்றை மட்டும் மாற்றுவதுதான் கைக்கு அடக்கம். ஆனால் வரிசையில் ஐந்து வழியாகவும் ஒரே கரண்ட் ஓடுகிறது. சார்ஜரும் கன்ட்ரோலரும் மொத்த வோல்ட்டை மட்டுமே பார்க்கின்றன. புதியது தெம்பாக நிற்க, வயதான நான்கில் பலவீனமானது அளவுக்கு மீறி வற்றும். அடுத்த சில மாதங்களில் அதுவும் போகும். செட் ஆறு மாதத்துக்குள் வாங்கியது, ஒன்று மட்டும் குறைப்பிறவி என்றால் மாற்றலாம். என்னுடையதில் குத்தியிருந்த தேதிப்படி மூன்றாவது வருடம் நடந்தது.

லித்தியம் ஆசை எனக்கும் வந்தது. இந்த 20 ஏஹெச் (ஆம்பியர்-ஹவர்) பேட்டரி ஒவ்வொன்றும் ஏழு கிலோவை ஒட்டும், ஐந்துக்கு 35. அதே திறனுள்ள எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேக் அதில் பாதிகூட வராது. மாடிக்குத் தூக்கிப் போய் சார்ஜ் போடுகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம். ஆயுளும் பல மடங்கு. ஆனால் கடையில் 'அப்படியே மாட்டிக்கலாம் சார்' என்று சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். சார்ஜர் எது? 20 செல் எல்எஃப்பிக்கு முழு சார்ஜ் 73 வோல்ட். பழைய லெட் ஆசிட் சார்ஜரும் அந்தப் பக்கம்தான் வரும் என்பதால் மாற்றாமல் விடுகிறார்கள். அப்போது தினமும் பிஎம்எஸ், அதாவது பேக்குக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட், தடுத்துத்தான் சார்ஜ் நிற்கும். அவசரத்துக்கு வைத்த காவலை அன்றாட வேலைக்கு இறக்குவது அது. பிஎம்எஸ் எத்தனை ஆம்பியர் தாங்கும்? கன்ட்ரோலர் 25 இழுத்து பிஎம்எஸ் 20-இல் கட் ஆனால், புது பேக்கோடு அதே மேம்பாலத்தில் நிற்பீர்கள். பழைய மீட்டரும் பொய் சொல்லும்: எல்எஃப்பியின் வோல்ட் கடைசிவரை பெரிதாக இறங்காமல் இருந்துவிட்டுத் திடீரென விழும்.

நான் ஐந்தையும் புது லெட் ஆசிட்டாக மாற்றினேன். தினம் எட்டு கிலோமீட்டர், தரைத்தளத்தில் வீடு, ராத்திரி தவறாமல் சார்ஜ். லெட் ஆசிட்டுக்குப் பிடித்த வாழ்க்கையே இதுதான். வண்டியின் வயதுக்கு அதற்கு மேல் போட எனக்கு மனம் வரவில்லை. தினம் நாற்பது ஓட்டுகிறவராக இருந்தால் லித்தியம்தான் வாங்கியிருப்பேன்.

பழைய ஐந்தில் நான்கைக் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டு விலையில் கழித்தார். இருந்ததில் நல்லதை மட்டும் தரவில்லை. கரண்ட் போனால் சமையலறையில் 12 வோல்ட் எல்இடி பல்பு அதில்தான் எரிகிறது.