டர்போ ஹோஸுக்கு எந்தக் கிளாம்ப், எவ்வளவு இறுக்கம்?

டர்போ பைப்பில் பூஸ்ட், அதாவது டர்போ அமுக்கி இன்ஜினுக்கு அனுப்பும் காற்றழுத்தம், கசிந்தால் பலரும் முதலில் செய்வது, ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஹோஸைப் பைப்போடு சேர்த்துப் பிடிக்கும் கிளாம்பை இன்னும் இரண்டு சுற்று முறுக்குவது. தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. மாட்டிய அன்று எந்தக் கிளாம்பும் நன்றாகத்தான் பிடிக்கும். பலமுறை சூடாகி ஆறி, ரப்பர் அமுங்கிப்போன பிறகும் எது விடாமல் பிடிக்கிறது என்பதுதான் என் அளவுகோல்.

ஒரு கணக்கு பாருங்கள். 63 மி.மீ. விட்டமுள்ள பைப்பில் 1 பார் (அழுத்தத்தின் அலகு) பூஸ்ட் ஏறினால், இணைப்பைப் பிரித்துத் தள்ளப் பார்க்கும் விசை ஏறக்குறைய 32 கிலோ எடைக்குச் சமம். ஒன்றரை பாரில் 48 கிலோ. ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் இந்தத் தள்ளல் வந்து போகிறது.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஸ்க்ரூ கிளிப், 1921-இல் இங்கிலாந்தின் லம்லி ராபின்சன் உருவாக்கிய ஜூபிலி கிளிப்பின் வழியில் வந்தது. விலை குறைவு, ஒரே கிளிப் பல அளவு ஹோஸுக்குப் பொருந்தும். ஆனால் மலிவான கிளிப்பின் பட்டையில் நீள ஓட்டைகள் இருக்கும். இறுக்க இறுக்க மெத்தென்ற சிலிகான் அந்த ஓட்டைகள் வழியே பிதுங்கி அறுபடும். கழற்றிப் பார்த்தால் ஹோஸ் மேல் வரிவரியாக வெட்டு தெரியும். திருகு இருக்கும் இடத்தில் அழுத்தமும் வட்டமாகப் பரவாது. டர்போவிலிருந்து இன்ஜின் வரை உள்ள பூஸ்ட் பக்கத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏர் ஃபில்டரிலிருந்து டர்போ வரை உள்ள உறிஞ்சும் பக்கத்துக்கு நல்ல ஸ்க்ரூ கிளிப் தாராளமாகப் போதும். அதற்காக அங்கே அசட்டையாக விடக் கூடாது. லூஸாக இருந்தால் வடிகட்டாத தூசி நேராக டர்போவின் சக்கர இதழ்களை அரிக்கும். காற்று அளக்கும் சென்சார் உள்ள வண்டியில் கணக்கில் வராத காற்றும் உள்ளே நுழையும்.

டி-போல்ட் கிளாம்ப் அகலமான, ஓட்டையில்லாத பட்டை. போல்ட்டின் அடியில் ஒரு நாக்குப் பட்டை இடைவெளியை மூடுவதால் பிடி சுற்றிலும் சமமாக விழும். சிலிகான் ஹோஸ் போட்ட பூஸ்ட் பக்கத்துக்கு என் தேர்வு இதுதான், அதுவும் போல்ட்டில் ஸ்பிரிங் கோத்த வகை. ரப்பர் அமுங்கினாலும் ஸ்பிரிங் விரிந்து இழுவையை விடாமல் வைத்திருக்கும். ஒரு சிக்கல், இதன் அளவு வரம்பு குறுகலானது. பைப்பை அளந்து வாங்காதீர்கள், ஹோஸின் வெளி விட்டத்தை அளங்கள். 63 மி.மீ. பைப்பில் 5 மி.மீ. தடிமன் ஹோஸ் என்றால் வெளியே 73 மி.மீ. வரும். பெரிய கிளாம்பை வாங்கி நட்டைக் கடைசி வரை ஓட்டினால் பட்டை நீள்வட்டமாகி இரண்டு ஓரங்களில் காற்று விடும்.

கம்பெனியிலிருந்தே வரும் ஸ்பிரிங் கிளாம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்க்ரூ கிளிப் மாட்டும் பழக்கம் பல ஷெட்டுகளில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரிஜினல் ரப்பர் ஹோஸ் இருக்கும்வரை அதுதான் நல்லது, தானே இறுகிக்கொள்ளும். டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் கழுத்து பிளாஸ்டிக் என்றால் இன்னும் கட்டாயம், டி-போல்ட்டை முறுக்கி அதை விரிசல் விடவைத்தவர்கள் இருக்கிறார்கள். தடித்த சிலிகானுக்கு மாறினால்தான் ஸ்பிரிங் கிளாம்பின் அளவு பொருந்தாமல் போகும்.

அப்புறம் இறுக்கம். கிளாம்ப் தயாரிப்பாளர் சொல்லும் எண்தான் முதலில். பொதுவாக ஸ்க்ரூ கிளிப்புக்கு 3 முதல் 5 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அலகு), டி-போல்ட்டுக்கு 7 முதல் 8 என்ற அளவில் வரும். வீல் நட்டுக்கு வைத்திருக்கும், இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் இதற்கு ஆகாது, பெரும்பாலும் அதன் அளவே இதற்கு மேல்தான் தொடங்கும். சின்ன ரெஞ்ச் இல்லையென்றால் சின்ன சாக்கெட் கைப்பிடியால், பட்டை ஓரத்தில் ரப்பர் தடித்துப் பிதுங்குவதற்கு முன் நிறுத்துங்கள். இம்பாக்ட் கன் பக்கமே போக வேண்டாம்.

மாட்டும் முன் பைப் முனையிலும் ஹோஸின் உள்ளேயும் உள்ள எண்ணெய்ப் படலத்தை பிரேக் கிளீனர் போட்டுத் துடையுங்கள். எண்ணெய் இருந்தால் எந்தக் கிளாம்பும் வழுக்கும். பைப் முனையில் உருட்டிய மேட்டுக்குப் பின்னால்தான் பட்டை உட்கார வேண்டும், மேட்டின் மேல் அல்ல. ஒருமுறை நன்றாக ஓட்டி, இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு திரும்ப ஒரு தடவை சரிபாருங்கள். புது சிலிகான் ஹோஸில் நட்டு அரைச் சுற்றாவது உள்ளே போகும்.