மரத்தில் கட்டிய ஆடியோமாத்: இரண்டு வருட அனுபவம்

பறவைக் குரல் பதிவுக்காக, ஆளில்லாமல் தானாகவே ஒலி பதியும் ஆடியோமாத் என்ற சிறு கருவியை வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. 58×48 மி.மீ. சர்க்யூட் போர்டு, முதுகில் மூன்று ஏஏ பேட்டரி, ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு. அவ்வளவுதான். திரை இல்லை, ஸ்பீக்கர் இல்லை. எத்தனை மணிக்கு விழிக்க வேண்டும், எப்போது தூங்க வேண்டும் என்று கணினியில் செருகிச் சொல்லிவிட்டால் போதும். மரத்தில் கட்டிவிட்டு நாம் வீட்டுக்குப் போகலாம்.

முதல் வாரமே சொதப்பினேன். அட்டவணை யூடிசி நேரத்தில் (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) இருப்பதைக் கவனிக்காமல் உள்ளூர் நேரம் என்று நினைத்துப் போட்டுவிட்டேன். விடியற்காலைக் கச்சேரிக்குக் காத்திருந்தவனுக்கு ஏழு நாள் உச்சிவெயில்தான் கிடைத்தது. செயலியில் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், அப்புறம்தான் பார்த்தேன்.

அடுத்தது மழை. ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டேன். தண்ணீர் இறங்கவில்லை, ஆனால் காற்றடிக்கும்போதெல்லாம் பை சலசலத்தது. இப்போது கெட்டியான உறை, உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். கட்டும் பட்டையின் நுனியைத் தொங்க விடாதீர்கள். அது மரத்தில் தட்டிய சத்தத்தை ஒரு வாரப் பதிவில் மரங்கொத்தி என்றே நம்பிக்கொண்டிருந்தேன். இலை உரசும் கிளையைவிட அடிமரம் மேல்.

மாதிரி வீதத்தை, அதாவது விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பதை, 384 கிலோஹெர்ட்ஸ் வரை வைக்கலாம், ஆனால் அது வௌவாலுக்கு. பறவைகளுக்கு எனக்கு 32 போதும். வீதத்தில் பாதி, அதாவது 16 கிலோஹெர்ட்ஸ் வரையான ஒலி அதில் அடங்கிவிடும், பெரும்பாலான பறவைப் பாட்டு 8-க்குக் கீழேதான். ஒரு மணி நேரத்துக்கு 230 எம்பி. தினம் மூன்று மணி நேரம் பதிந்தால் 32 ஜிபி கார்டு ஒன்றரை மாதம் தாங்கும்.

கட்டிவிட்டு வருவது சுலபம். கேட்பதுதான் பாடு. கார்னெல் ஆய்வகமும் கெம்னிட்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய, குரலை வைத்துப் பறவையை அடையாளம் காணும் பேர்ட்நெட் மென்பொருளிடம் கொடுத்தால், ஒலியை மூன்று விநாடித் துண்டுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் பெயரும் நம்பிக்கை மதிப்பெண்ணும் போடும். நல்ல உதவியாள், ஆனால் தயங்காமல் தப்பும் சொல்வான். அணில் கத்தலுக்கு ஒருமுறை அது வைத்த பெயரைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும், புதுப் பெயர் வந்தால் ஸ்பெக்ட்ரோகிராமை (ஒலியைப் படமாகக் காட்டுவது) பார்த்து, காதாலும் கேட்டுவிட்டுத்தான் குறித்துக்கொள்வேன். வழிப்போக்கர் பேச்சும் பதிவாகிவிடும். அந்தப் பகுதியைக் கேட்காமலே அழித்துவிடுவது என் வழக்கம்.

இத்தனைக்கும் பிறகு இதை ஏன் விடவில்லை என்றால், இரவில் நடமாடும் பக்கிக்குருவிதான் காரணம். பல வருடம் காலையில் நடந்த அதே தோப்பு. அங்கே அது இருப்பதே எனக்குத் தெரியாது. சும்மா ஒருநாள் இரவு முழுக்க ஓடவிட்டதில், அதிகாலை 2.40-க்கு ‘சக், சக், சக்’ என்று கிடைத்தது. ஹெட்போனைக் கழற்ற மனமில்லாமல் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

இன்னொன்று வாங்கலாமா என்று யோசனை. போன மழைக்காலத்துக் கார்டே பாதிக்கு மேல் கேட்காமல் கிடக்கிறது.